பெரிய டயர் போட்ட டிரக்: ஒருபக்கத் தேய்மானத்தை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் டிரக்கில் கம்பெனி அளவை விடப் பெரிய டயர் மாட்டிய சில மாதங்களிலேயே, முன் டயரின் ஓரம் மட்டும் வழவழப்பாகிவிடுவது உண்டு. உடனே கிடைக்கும் யோசனை, "அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) பாருங்க" என்பதுதான். பார்த்தால் கம்ப்யூட்டர் தாளில் எல்லாம் பச்சை நிறத்தில் வரும். ஆனால் டயர் மறுபடியும் அதே இடத்தில் தேயும். அலைன்மென்ட் தேவையில்லை என்று சொல்லவில்லை. அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் காற்று, அடுத்து மூட்டுகளின் ஆட்டம், அதற்குப் பிறகுதான் சக்கரக் கோணங்கள்.

இந்த வரிசையைத் தொடங்குவதற்கு முன்பே பலர் ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறார்கள். தேய்மானம் கண்ணில் பட்டதும் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிவிட்டு, அப்புறம் மெக்கானிக்கிடம் போவார்கள். எந்தச் சக்கரத்தில் எந்த டயர் எப்படித் தேய்ந்தது என்ற தடயம் அதோடு போய்விடும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டி) ஆழத்தை அளந்து, இடம் வலம் குறித்து எழுதி வையுங்கள். சுற்றளவில் இரண்டு மூன்று இடங்களில் அப்படி அளந்தால் இன்னும் நல்லது.

கண்ணால் மட்டும் பார்ப்பதும் போதாது, கையால் தடவ வேண்டும். ஒரு ஓரம் மட்டும் சீராக, வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மீது சந்தேகம் வரலாம். பட்டன்களின் குறுக்கே கையை ஓட்டும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி கையில் பிடித்தால் அது டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) தவறியதன் அடையாளம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர், பேலன்ஸ், பேரிங் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடம் எல்லா வண்டிக்கும் பொதுவானது. பெரிய டயரில் இது குழம்பும் இடங்கள் சில இருக்கின்றன. முதலாவது காற்று.

கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவு, வண்டியோடு வந்த டயருக்கானது. வேறு அளவு டயருக்கு அதை அப்படியே பிடிப்பது ஒரு தவறு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பிடிப்பது அதை விடப் பெரிய தவறு, ஏனென்றால் அது அந்த டயர் தாங்கும் உச்சபட்ச பாரத்தோடு சேர்ந்த அளவு. அதிக பாரம் தாங்கும் லோட் ரேஞ்ச் 'ஈ' வகை டயர்களில் 80 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். பாரம் ஏற்றாத பிக்கப்பின் பின் சக்கரத்தில் அதை அடித்தால் நடுப்பகுதி மட்டும்தான் சாலையைத் தொடும். மறுபக்கம், கார் வகை டயரிலிருந்து எல்டி (லைட் டிரக்) வகைக்கு மாறியவர்கள் பழைய அழுத்தத்திலேயே ஓட்டுவார்கள். எல்டி டயருக்கு அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும். அது கிடைக்காதபோது ஓரங்கள் தேயும், டயர் சூடாகும்.

சரி, எவ்வளவுதான் வைப்பது? டயர் கம்பெனியின் பார அட்டவணையிலிருந்து உங்கள் அச்சு பாரத்துக்கான குறைந்தபட்ச அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் சாக்பீஸ் வைத்துச் சரிபார்க்கலாம். பட்டன்கள் மீது குறுக்காக ஒரு தடித்த கோடு போட்டு, சமமான தார்ச்சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்றைக் குறைக்கலாம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் கூட்டலாம். கோடு சீராக அழிகிறதே என்று அட்டவணை அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. சாக்பீஸுக்குப் பாரம் தெரியாது. அழுத்தத்தை வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும்.

காற்று சரியாக இருந்தும் நடு தேய்கிறது என்றால் ரிம்மைப் பாருங்கள். 12.5 அங்குல அகலமுள்ள 35 அங்குல டயர்களுக்குப் பெரும்பாலும் 8.5 முதல் 11 அங்குல அகல ரிம்தான் அனுமதி. அதையே வண்டியோடு வந்த 7.5 அங்குல ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுக்கப்பட்டு நடு பிதுங்கும். எந்த அழுத்தத்திலும் அது தட்டையாக உட்காராது. இதற்கு அலைன்மென்ட் மிஷினில் வைத்தியம் கிடையாது.

அடுத்து ஆட்டம். என் கணக்கில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். பெரிய டயர் கனமானது. பெரும்பாலும் வெளியே தள்ளி நிற்கும் ரிம் அல்லது சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரோடு சேர்ந்துதான் வரும். அதனால் சக்கரத்தைத் தாங்கும், திருப்பும் மூட்டுகளான பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், அவற்றோடு வீல் பேரிங், புஷ் எல்லாவற்றுக்கும் கூடுதல் அடி. அலைன்மென்ட் மிஷின் நிற்கும் வண்டியைத்தான் அளக்கிறது. டை ராடு எண்டில் தேய்மானம் இருந்தால் நிற்கும்போது டோ சரியாகக் காட்டும், பிரேக் பிடிக்கும்போது வேறாகிவிடும். ஸ்டாண்ட் மீது பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட், பேரிங் ஆட்டம் தெரியும். இடதும் வலதும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் பாகங்களின் ஆட்டம் தெரியும். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இருபுறமும் அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்பது அதை விடத் தெளிவாகக் காட்டும். ஆட்டத்தைச் சரி செய்யாமல் எடுக்கும் அலைன்மென்ட் வெறும் தாள்.

இப்போது கோணங்கள். டயர் பெரிதானதால் மட்டும் கேம்பரோ டோவோ மாறுவதில்லை. அவற்றை மாற்றுவது, வண்டியை உயர்த்தப் போடும் லிஃப்ட் கிட். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் முன் சஸ்பென்ஷனில், சேசிஸ் உயரும்போது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து கேம்பர், டோ இரண்டும் நகரும். சில வண்டிகளில் சரிசெய்யும் போல்ட் அதன் எல்லை வரை போயும் கோணம் திரும்பி வராது. அப்போது மேல் ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும். இரு முன் சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் முழு அச்சு உள்ள வண்டியில் கதை வேறு. லிஃப்ட்டால் அங்கே கேம்பர் மாறாது, காஸ்டர்தான் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறையும். காஸ்டர் டயரை அதிகம் தேய்க்காது, வண்டியை அலைய வைக்கும். முழு அச்சில் கேம்பர் தவறாக வந்தால் பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அச்சு வளைந்திருக்க வேண்டும். பின் டயர் ஒன்று மட்டும் உள்பக்கம் தேய்ந்தாலும் அச்சு வளைவைத்தான் பார்க்கச் சொல்வேன்.

பச்சை நிறத்தை நம்பாமல் எண்களைக் கேளுங்கள். ஒரு சக்கரம் 0.2 டிகிரி டோ விலகி ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 3.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும் கணக்கு வரும். பெரிய டயரின் ஓரத்தில் டேப் பிடித்து டோ பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மில்லிமீட்டரில் தரப்படும் அளவு பழைய விட்டத்துக்கானது. விட்டம் கூடினால் அதே கோணத்துக்கு அதிக மில்லிமீட்டர் வரும். வழக்கமாகப் பாரமோடு ஓடும் வண்டியை, அந்தப் பாரத்தோடே மிஷினில் ஏற்றுவது நல்லது. புது ஸ்பிரிங் போட்டிருந்தால் அது சற்று அமர்ந்த பிறகு மறுபடி ஒரு முறை பார்க்கவும்.

முரட்டுப் பட்டன் டயர்களில் ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்து மறுமுனையில் தாழ்ந்து தேய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரிய பட்டன்களின் இயல்பு, ஒழுங்காக இடம் மாற்றினால் அடங்கும். பகுதி நேர ஃபோர் வீல் டிரைவை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டும் பழக்கம் மட்டும் கூடாது, அது டயரை இழுத்துத் தேய்க்கும்.

இடம் மாற்றும் கணக்கிலும் ஒரு சிக்கல். 31 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால், ஸ்பீடோமீட்டரைத் திருத்தாத வரை வண்டி ஓடிய தூரம் ஏறத்தாழ 11 சதவீதம் குறைவாகப் பதிவாகும். மீட்டரில் 8,000 கிலோமீட்டர் என்றால் டயர் ஓடியது 9,000-ஐ ஒட்டி. எனவே டயர் சீக்கிரம் தேய்கிறது என்று முடிவு கட்டும் முன், மீட்டர் திருத்தப்பட்டதா என்று பாருங்கள். திருத்தவில்லை என்றால், 8,000-க்கு ஒரு முறை இடம் மாற்றுபவர்கள் மீட்டர் 7,000 காட்டும்போதே டயர்களை இடம் மாற்றிப் போட்டுவிடலாம்.