கல்வெட்டு வைக்க முடியாத செலவுகள்: ஊர்களைச் சேர்த்து மருத்துவ சேவை அமைக்கும்போது நடக்கும் தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் கொடுக்கிற மனசுக்குக் குறையே கிடையாது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்தது. இப்போதும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று கிளம்பினால் பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடி மருத்துவம்தான் நினைவுக்கு வருகிறது. சமீபமாக அதிலும் ஒரு படி மேலே போய், நாலைந்து ஊரைச் சேர்த்து, அரசு, தனியார், அறக்கட்டளை எல்லாரையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவருவோம் என்று பேசுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்படி ஆரம்பிக்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன.

ஒருங்கிணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்: நோயாளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது நடுவில் அவருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல முடியணும். அதற்கு ஆகும் செலவு என்ன? ஒருவருடைய மாதச் சம்பளம், வண்டிக்கு டீசல், போன் ரீசார்ஜ், ஒரு நோட்டு. இதில் எதற்கும் கல்வெட்டு வைக்க முடியாது, அதனால் இதற்குப் பணமும் வருவதில்லை.

முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு ஆளை மறப்பது. எக்ஸ்ரே மிஷின் வரும், படம் எடுக்க டெக்னீஷியன் இருக்க மாட்டார், இருந்தாலும் பராமரிப்பு ஒப்பந்தம் முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும், அப்புறம் துணி போர்த்தி மூலையில் நிற்கும். அல்ட்ராசவுண்ட் என்றால் இன்னும் சிக்கல், 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறியத் தடைச் சட்டப்படி பதிவு பெறாத இடத்துக்கு அந்தக் கருவியைக் கொடுக்கவே முடியாது. கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் 'உங்களுக்கு என்ன குறை' என்று கேட்டாலே போதும், பாதி நேரம் பதில் 'ஒரு ஆள் வேணும்' என்பதாகத்தான் இருக்கும்.

அடுத்தது, கணக்கெடுக்காமல் தொடங்குவது. அதைவிட மோசம், ஏற்கெனவே இருக்கும் கணக்கைப் பார்க்காமல் புதுக் கணக்கு எடுப்பது. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகள் பட்டியலும் குழந்தைகளின் தடுப்பூசிப் பட்டியலும் இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரிடம் எந்தத் தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யார் படுக்கையில் இருக்கிறார் என்ற விவரம் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் அதே ஊர் மகளிர் குழுப் பெண்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசாமல், கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துவந்து வீடுவீடாகப் படிவம் நிரப்பினால் அழகான அறிக்கை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

எல்லைக்கோடு விஷயம் இந்தப் பகுதிக்கே உரிய தலைவலி. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், சற்றுத் தள்ளி இருக்கும் கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். கோயிலும் கல்யாண உறவும் இந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை, பஸ் ஏறுகிறவரும் பார்ப்பதில்லை. ஆனால் மருத்துவ நிர்வாகம் பார்க்கிறது. மாவட்டம் மாறினால் அதிகாரி வேறு, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் மருத்துவக் கல்லூரியும் வேறு: இந்தப் பக்கம் 2012-இல் வந்த சிவகங்கை, அந்தப் பக்கம் 2017-இல் வந்த புதுக்கோட்டை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதிக்காரர் எங்கே போவார் என்பதை வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த பஸ் நேரே போகிறது, எந்த ஊரில் தங்குவதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்று விசாரித்து, மக்கள் ஏற்கெனவே போகிற பாதையில் சேவையை வைத்தால்தான் நிற்கும்.

அரசோடு பேசிவிட்டோம் என்று சொல்பவர்களைப் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த அரசோடு? தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது, தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகிறது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மூன்றுக்கும் தனித்தனித் தலைமை, தனித்தனி பைல். வட்டார மருத்துவ அலுவலரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையம் அனுப்பும் நோயாளியைத் தாலுகா மருத்துவமனை உடனே எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியர் வழியாகப் போவது சுலபம், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.

முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் இங்கே சேவை என்றாலே முகாம்தான். ஷாமியானா, நாற்காலி, மைக், மதியச் சாப்பாடு, 'உங்களுக்குக் கண்புரை இருக்கு, ஆபரேஷன் பண்ணணும், மதுரைக்கு வாங்க' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டோடு எத்தனை பேர் மதுரைக்குப் போவார்கள்? 1976-இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். முகாமை நடத்தும் உள்ளூர் அமைப்பு ஆட்களைத் திரட்டும், வைத்தியம் மருத்துவமனையின் பொறுப்பு, யார் எதைச் செய்வது என்பதில் குழப்பமே இல்லை. கூட்டணி என்றால் இப்படித் தெளிவாக இருக்கணும். அத்தனைக்கும் பிறகு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் கண் பிரச்சினை உள்ளவர்களில் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. வராதவர்களுக்காகத்தான் சிறு ஊர்களில் நிரந்தரக் கண் பார்வை மையங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் பரிசோதிப்பார், டாக்டர் வீடியோவில் பார்ப்பார். முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. முகாம் முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும் என்பதை முடிவு செய்யாமல் ஷாமியானாவுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தவறு, காப்பீடு கொடுக்கிற பணத்தை அறக்கட்டளையும் கொடுப்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பைபாஸ் ஆபரேஷனுக்கு ஊர்ச் சங்கத்தில் வசூல் செய்து 50,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால், அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனை அந்தச் சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழ் வாங்க அவரோடு ஒரு நாள் அலைய ஒருவரை அனுப்புங்கள். காப்பீடு எட்டிப் பார்க்காத செலவு நிறைய இருக்கிறது. கூட இருப்பவரின் சாப்பாடு, போக்குவரத்து, இழந்த கூலி. சங்கத்துப் பணம் அங்கே போகட்டும்.

புதுமை என்றதும் ஆப் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். செவிலியர் கையில் ஏற்கெனவே கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி என்ற அரசு மென்பொருள் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு ஒரு ஆப், தேசிய அளவில் ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண், அதற்கு மேல் உங்கள் அறக்கட்டளை லோகோ போட்ட ஆப் ஒன்றா? அவரும் பாவம், ராத்திரி உட்கார்ந்து எத்தனை இடத்தில்தான் ஒரே பெயரை ஏற்றுவார்.

உண்மையில் உயிருக்கு ஆபத்தான ஓட்டை இருப்பது சாதாரண மாத்திரைச் சீட்டில். தனியாக இருக்கும் ஓர் ஆச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், முகப்பில் நிற்பவர் கூப்பிட்டால் இரண்டாம் கட்டு என்கிற உள்பகுதியில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்குப் பெரிய வீடு, பிள்ளைகள் வெளியூர். காரைக்குடியில் தனியார் டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரை ஒரு டப்பாவில். வீடு தேடி வந்த தன்னார்வலர் கொடுத்தது இன்னொரு டப்பாவில். முதலாவதில் கம்பெனி வைத்த பெயர், இரண்டாவதில் மருந்தின் மூலப் பெயர், உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரே கிளிமிபிரைடாக இருக்கலாம். இரண்டும் டாக்டர் கொடுத்ததுதானே என்று இரண்டையும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். தனியாரும் அரசும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவில்லை, அவ்வளவே. இதற்கு 40 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும், மருந்தின் மூலப் பெயரோடு தனியாரும் அரசும் அதிலேயே எழுதணும் என்று ஒத்துக்கொண்டால் சரி. தனியார் டாக்டர்களை அப்படி ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமான வேலை, சங்கத்துப் பெரியவர்கள் நேரில் போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

நெஞ்சுவலி வந்தால் 'நேரே மதுரைக்கு விடு' என்பது இங்கே எல்லார் வாயிலும் வரும். காரைக்குடியிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம், அந்த நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் மாரடைப்புக்காகச் சோதித்துப் பார்த்த ஏற்பாடு வேறு மாதிரி: பக்கத்துச் சிறு மருத்துவமனையில் இசிஜி எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனைக்கு ஆஞ்சியோவுக்கு அனுப்புவது. 2,420 நோயாளிகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். சிறியதும் பெரியதும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டதுதான் இதன் அடிப்படை. எனவே ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள், 108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது என்பதையும், உங்கள் ஊருக்கு அருகில் அந்த ஊசி ராத்திரியில் போடும் இடம் எது என்பதையும் முதலில் விசாரியுங்கள்.

ஒன்றாகச் சேர்ந்தால் செலவு மிச்சமாகும் என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 2015-இல் மருத்துவத்துக்கும் முதியோர் பராமரிப்புக்குமான பணத்தை ஒரே நிதியில் போட்டார்கள். எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை என்று 2017-இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்னது. வட்டாரத்துக்குச் சேவையை வாங்கித் தரும் அமைப்புகளை அங்கே 2013-இல் ஒருமுறை மாற்றினார்கள், 2022-இல் கலைத்து 42 வாரியங்களாக்கினார்கள். போர்டும் லெட்டர்பேடும் மாறியதால் மட்டும் நோயாளியின் வீட்டுக்குப் போன் வந்துவிடாது. நம் ஊர்க் கமிட்டிகளும் தலைவர் யார், செயலாளர் யார் என்பதிலேயே ஆறு மாதம் ஓட்டுவதுண்டு.

கமிட்டி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தவர்களும் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால் அவர்கள் வீட்டு நோய்களுக்குத்தான் சேவை வரும். வயலில் பாம்பு கடிபடுகிறவரும் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவும் இருக்கும் தெருக்களிலிருந்து ஆள் இல்லாத கமிட்டி பாதிக் கண்ணை மூடிக்கொண்ட கமிட்டி.

கடைசியாக, தனியார் மருத்துவமனையோடோ ஆய்வகத்தோடோ ஒப்பந்தம் போடும்போது தலைக்கு இவ்வளவு என்று எழுதாதீர்கள், தலைகள் மட்டும் பெருகும். பார்த்தவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்பதற்குப் பணம் கொடுங்கள், எண்ணிக்கையைச் சரிபார்க்க வெளியாள் ஒருவரை வையுங்கள். மூன்றாம் வருஷம் நன்கொடை நின்றால் அந்த ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை யார் கொடுப்பது என்று ஒரு பத்தி அதிலேயே இருக்கட்டும். அந்தப் பத்தியை எழுத முடியவில்லையென்றால் ஐந்து ஊரை இரண்டாகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.