வெங்காயம் நறுக்கும்போது கண் எரிகிறதா? முதலில் கத்தியைப் பாருங்கள்

நாலு வெங்காயம் நறுக்குவதற்குள் கண்ணைத் திறக்க முடியாமல் போனால், "இந்த வெங்காயம் ரொம்பக் காரம்" என்று சொல்லிவிடுகிறோம். சில வெங்காயங்களுக்குக் காரம் அதிகம்தான். ஆனால் நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் தவறு நாம் நறுக்கும் விதத்தில் இருக்கிறது.

முழு வெங்காயம் கண்ணை ஒன்றும் செய்யாது. அதன் செல்லுக்குள் கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. செல் உடைந்தால் இரண்டும் கலந்துவிடும். அதில் பிறப்பதை இன்னொரு நொதி, காற்றில் சட்டென்று ஆவியாகும் பொருளாக மாற்றுகிறது. கண்ணைத் தாக்குவது அந்த ஆவிதான். கண்ணின் மேற்பரப்பில் உள்ள நரம்பு நுனிகள் அதை உணர்ந்ததும், கழுவித் தள்ளக் கண்ணீர் சுரக்கிறது. இந்த இரண்டாவது நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதே 2002-இல்தான். பூண்டிலும் அல்லினேஸ் உண்டு. ஆனால் அங்கே வினை வேறு வழியில் போய்விடுவதால், பூண்டு நறுக்கி யாரும் அழுவதில்லை.

ஆக, எவ்வளவு செல் நசுங்குகிறதோ அவ்வளவு எரிச்சல். மழுங்கிய கத்தியால் நறுக்குவதுதான் பெரிய தவறு என்று நான் சொல்வது இதனால்தான். அது வெட்டுவதற்கு முன் அழுத்துகிறது. அழுத்தம் தாங்காமல் தோல் பிளக்கும்போது சாறு தெறிக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தெறிப்பைப் படம்பிடித்துப் பார்த்து 2025-இல் வெளியிட்டார்கள். கத்தி மழுங்க மழுங்க, வெட்டும் வேகம் கூடக் கூட, நுண்துளிகள் அதிகமாகப் பறக்கின்றன. நீங்களே பார்க்கலாம்: பாதி வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்து நறுக்குங்கள். தீட்டிய கத்தி 'சரக்' என்று இறங்கும், பலகை கிட்டத்தட்ட காய்ந்தே இருக்கும். மொக்கைக் கத்தியில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், பலகையில் பால் மாதிரி ஈரம் படியும். அந்த ஈரம்தான் கொஞ்ச நேரத்தில் உங்கள் கண்ணுக்கு வரப்போகிறது. அதனால் கத்தியைத் தீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் இழுத்து நறுக்குங்கள். ஓங்கிக் கொத்த வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் எல்லா செல்லும் உடைகிறது. மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நறுக்கியதை அப்படியே மூக்குக்குக் கீழே குவித்து வைப்பது. நறுக்கிய பிறகும் ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். ஒரு வெங்காயம் முடிந்ததும் பாத்திரத்தில் தள்ளி மூடிவிடுங்கள். பாதியாக வெட்டியதை வெட்டுமுகம் கீழே இருக்கும்படி வையுங்கள். வேர்ப்பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைப்பதும் நல்லது. அடுக்குகள் கலையாமல் பிடித்துக்கொள்ளும்.

மின்விசிறி போடுகிறவர்கள் திசையைக் கவனிப்பதில்லை. விசிறி எதிரில் இருந்தால் ஆவியை நேராக உங்கள் முகத்துக்கே அனுப்பும். பக்கவாட்டில் வைத்து, காற்று பலகையைக் கடந்து அந்தப் பக்கம் போகும்படி செய்யுங்கள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி விசிறி இருந்தால் அதன் அடியில் நறுக்குவது இன்னும் வசதி.

தண்ணீரில் ஊறவைத்து நறுக்குவதும், குழாயடியில் பிடித்து நறுக்குவதும் எனக்குப் பிடிக்காத யோசனைகள். தண்ணீர் ஆவியைக் குறைக்கும், சரி. ஆனால் ஈர வெங்காயம் கையில் நழுவும். கண்ணுக்குப் பதில் விரல் போய்விடும். குளிரவைத்தால் நொதியின் வேலை மெதுவாகும் என்பதால் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மொக்கைக் கத்தி செய்யும் கெடுதலை அது சரிசெய்துவிடாது. உறையும்வரை விட்டால் வெங்காயம் தொளதொளத்துவிடும். வாயில் ரொட்டியோ தீக்குச்சியோ கவ்விக்கொள்வதால் கண்ணுக்கு வரும் ஆவி நிற்காது. முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடி நிஜமாகவே தடுக்கும்; சாதாரண மூக்குக்கண்ணாடியில் பக்கவாட்டு இடைவெளி வழியாக உள்ளே வந்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் எரிய ஆரம்பித்துவிட்டால், தயவுசெய்து கையால் கசக்காதீர்கள். சாறு படிந்த விரல் ஆவியைவிட மோசம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய், கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நில்லுங்கள். வரும் கண்ணீரே கழுவிவிடும். அப்புறமும் எரிந்தால் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, சுத்தமான தண்ணீரால் கண்ணை அலசுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள், கை கழுவித் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். விரலிடுக்கிலும் நகத்தடியிலும் வாசனை மிச்சம் இருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள்.