மெனுவில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல: ஆர்டர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நகரத்தில் பேர் போன உணவகத்துக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நல்ல இடத்தைப் பிடித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான். வாரக்கணக்கில் முன்னாடியே டேபிள் புக் செய்வார்கள், வரிசையில் நிற்பார்கள், உள்ளே போய் உட்கார்ந்ததும் மெனுவை ரெண்டு நிமிஷம் புரட்டிவிட்டு எங்கே போனாலும் கிடைக்கிற ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்பார்கள். ஓர் இடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் மூன்று நான்கு அயிட்டங்கள்தான். மற்றதில் பாதி, கூட வந்தவர்களில் ஒருத்தர் "எனக்கு அதெல்லாம் ஒத்துக்காது" என்று சொன்னால் அவரையும் சமாளிப்பதற்காக மெனுவில் சேர்த்து வைத்தது.

இதற்குக் காரணம் சமையலறை நடக்கிற விதம். ஒரு நாளைக்கு நூறு தட்டு போகிற அயிட்டத்துக்குப் பொருள் தினமும் புதிதாக வரும், செய்கிறவருக்குக் கை பழகியிருக்கும், அடுப்பில் சூடு எப்போது சரி என்று அவர் யோசிக்கவே வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு பேர் கேட்கிற அயிட்டத்துக்கு? பொருள் ஃப்ரீசரில் கிடக்கும், ஆர்டர் வந்ததும் அதைத் தேடி எடுப்பார்கள். அதனால் எண்பது நூறு அயிட்டம் போட்ட தடிமனான மெனுவைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ரெண்டு மூன்று அடிப்படைக் கிரேவியை வைத்துக்கொண்டு பேரை மட்டும் மாற்றி நீட்டியிருப்பார்கள். கிரில்லுக்குப் பேர் போன கடையில் மெனுவின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாஸ்தா இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, சர்வரிடம் "இங்க எது நல்லா இருக்கும்?" என்று கேட்பது. பாவம், அவர் என்ன சொல்வார்? "எல்லாமே நல்லா இருக்கும் சார்" என்பார், இல்லையென்றால் இன்றைக்கு எதைத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறார்களோ அதைச் சொல்வார். "இங்க எது அதிகமா ஓடுது?" என்று கேளுங்கள். அல்லது நீங்களே ரெண்டைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு "இந்த ரெண்டுல எதைச் சொல்லலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைக் காட்டுவது அவருக்கும் சுலபம், பதிலும் அநேகமாக உண்மையாக இருக்கும். சுற்றி இருக்கிற டேபிள்களில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு நோட்டம் விட்டால் இன்னும் நல்லது. ரிவ்யூ ஆப்பில் நிறையப் பேர் படம் எடுத்துப் போட்ட அயிட்டத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், புகை வருவதும் சீஸ் நீளமாக இழுபடுவதும் படத்துக்குத்தான் அழகு.

"இன்றைய ஸ்பெஷல்" என்பதில் ரெண்டு வகை உண்டு. இந்த சீசனில் மட்டும் கிடைக்கிற பொருளை வைத்து ஷெஃப் ஆசையாகச் செய்வது ஒன்று, இன்றைக்குள் தீர்க்க வேண்டியதைத் தீர்ப்பது இன்னொன்று. "இதுல என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டால் போதும், முதல் வகையாக இருந்தால் சர்வர் ஆர்வமாக விவரம் சொல்வார்.

பழைய விதிகளை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்குவதும் தவறுதான். திங்கட்கிழமை மீன் சாப்பிடாதே என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பரப்பியவர் ஷெஃப் அந்தோனி போர்டைன், 1999ல் நியூயார்க்கர் இதழில் எழுதினார். வார இறுதிக்காக முன்கூட்டியே வாங்கிய மீனில் மிச்சம்தான் திங்கட்கிழமை தட்டில் வரும் என்பது அவர் கணக்கு. பல வருஷம் கழித்து அவரே நிலைமை மாறிவிட்டது, அந்தப் பேச்சு இப்போது பொருந்தாது என்று சொல்லிவிட்டார். அதே மாதிரி, வைன் பட்டியலில் விலை குறைந்ததற்கு அடுத்ததை வாங்காதே, அதில்தான் கடைக்காரர் அதிகம் அடிக்கிறார் என்பார்கள். லண்டன் உணவகங்களின் வைன் பட்டியல்களை அலசி 2021ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாங்கிய விலைக்கு மேல் அதிக விகிதம் வைத்திருந்தது பட்டியலின் நடுப்பகுதியில்தான் என்று தெரிந்தது. நடுவில் எடுத்தால் கஞ்சன் என்றும் சொல்ல மாட்டார்கள், ஊதாரி என்றும் சொல்ல மாட்டார்கள் என்று நாம் கை வைக்கிற இடமும் அதுதான்.

விலைக்கு வந்துவிட்டோம், அதனால் இன்னும் ஒன்று. நாணயக் குறியீடு இல்லாமல் வெறும் எண் போட்ட மெனுவைப் பார்த்தவர்கள் அதிகம் செலவழித்தார்கள் என்று 2009ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. மெனுவின் மேலே ஒரு பயங்கர விலை அயிட்டம் இருந்தால் அதை யாரும் வாங்க வேண்டும் என்பதில்லை, கீழே இருப்பது மலிவாகத் தெரிந்தால் போதும். விலைக்குப் பதிலாக "மார்க்கெட் ரேட்" என்று போட்டிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பில் வந்த பிறகு முகம் மாறுவதைவிட இது கௌரவம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். எல்லாம் சேர்ந்து வரும், டேபிளில் இடம் இருக்காது, ஒன்றைச் சாப்பிடுவதற்குள் மற்றது ஆறிப்போகும். பாதி சொல்லிவிட்டு, அப்புறம் பசியைப் பார்த்து மீதி. ஆனால் சமையலறை மூடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் போனால் இது எடுபடாது, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூட்டம் அலைமோதும் நேரத்தில் அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று மாற்றங்கள் கேட்டால் பாதி மறந்துதான் வரும். அலர்ஜி விஷயம் வேறு. அதை மெனுவைத் திறப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், பொரிப்பதெல்லாம் ஒரே எண்ணெயிலா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, இனி பாருக்கு வருவோம். இங்கேயும் எது அதிகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு, சொல்லப்போனால் இங்கே இன்னும் அதிகம். இருபது குழாய் பீர் வைத்திருக்கும் இடத்தில் நாலு குழாய்தான் நன்றாக ஓடும், மற்ற பீப்பாய்களில் பீர் பழசாகிக்கொண்டிருக்கும். பீர் வருகிற குழாயை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று அமெரிக்க பீர் தயாரிப்பாளர்கள் சங்கம் சொல்கிறது. கழுவாத குழாயில் வரும் பீர் வெண்ணெய் மாதிரியோ வினிகர் மாதிரியோ வாடை அடிக்கும். ஒரு மடக்கு சுவை பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கிளாஸ் கணக்கில் வைன் வாங்கினால் பாட்டிலை எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள், ரெண்டு மூன்று நாளுக்கு மேல் என்றால் வேண்டாம். மார்ட்டினியில் சேர்க்கிற வெர்மூத்தும் வைன் வகைதான், திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். அது அலமாரியில் தூசி படிந்து நிற்பதைப் பார்த்தால் அங்கே மார்ட்டினி கேட்காதீர்கள்.

அப்புறம் இடம் பார்த்துக் கேட்பது. காக்டெய்லுக்கே பேர் வாங்கிய பாரில் உட்கார்ந்து வோட்காவும் கோலாவும் கேட்பது வீண், பீர் மட்டும் ஊற்றித் தள்ளுகிற பாரில் ஆறு பொருள் கலந்த காக்டெய்ல் கேட்பது அதைவிட வீண். வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று வரிசை ஆள் நிற்கும்போது ராமோஸ் ஜின் ஃபிஸ் கேட்பவரை பார்டெண்டர் மன்னிக்க மாட்டார். 1888ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அந்தக் காக்டெய்லில் முட்டை வெள்ளையும் க்ரீமும் உண்டு, நெடுநேரம் குலுக்க வேண்டும், அதற்கென்றே அங்கே தனி ஆட்களை வைத்திருந்தார்கள்.

பிராண்ட் சொல்லாவிட்டால் அந்த பாரில் வழக்கமாக வைத்திருக்கும் மலிவுச் சரக்கைத்தான் ஊற்றுவார்கள். கோலாவிலோ டானிக்கிலோ கலக்க அது போதும், அங்கே விலை உயர்ந்த சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஐஸ் வேண்டாம் என்றால் சரக்கு கூட வரும் என்பதும் தப்புக் கணக்கு, ஐஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரக்கு அதே அளவுதான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் ரெண்டாவதைப் பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் கிளாஸ் முடிவதற்குள் அது தண்ணீராகிவிடும்.

இனிப்பாக இருப்பதை லைட் என்று நம்பாதீர்கள். லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீயில் டீயே கிடையாது, வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர் என்று ஐந்தும் தலா 15 மில்லி. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் ஆல்கஹால், அதைக் கரைக்க உடம்புக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு கிளாஸிலேயே அதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்விடும், அதனால் முதல் கிளாஸுக்கு முன்பே தட்டு வரட்டும். காரமான சைட் டிஷ்ஷோடு விஸ்கியை ராவாகக் குடித்தால் எரிச்சல்தான் கூடும். தயிரோ க்ரீமோ உள்ள ஏதாவது பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, சரியில்லாததைச் சொல்லாமல் விழுங்குவது. முதல் ரெண்டு வாயிலேயே சொல்லுங்கள், நல்ல இடமென்றால் அநேகமாக மாற்றித் தருவார்கள். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டு "உப்பு அதிகம்" என்றால் யார் நம்புவார்கள்?