கடுகும் வெற்றிலையும் போதும்: செல்லின் வடிவத்தைப் பார்த்து அதன் வேலையைக் கண்டுபிடிக்க

காட்பாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். செல், அதன் அமைப்பு, அதன் பணி என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கும்போது மனசு கஷ்டப்படும், ஏனென்றால் இது கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடம். முதலில் வடிவத்தைப் பாருங்கள், அப்புறம் "இப்படி இருந்தால் எதற்கு உதவும்?" என்று கேளுங்கள்.

வேர்த்தூவியில் ஆரம்பிக்கலாம், நுண்ணோக்கியே வேண்டாம். கறுப்புத் துணியை நனைத்து ஒரு தட்டில் விரித்து, கொஞ்சம் கடுகைத் தூவி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். நம் வேலூர் வெயிலுக்குத் துணி சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கணும், ஆனால் தேங்க விடக்கூடாது. இரண்டு மூன்று நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் வேர்த்தூவி. ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. இப்படி நீண்டிருப்பதால் மண்ணைத் தொடும் பரப்பு பல மடங்கு கூடுகிறது, சுவர் மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் சுலபமாக உள்ளே போகிறது, மண்ணுக்குள் வெளிச்சம் இல்லாததால் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகமும் இல்லை. வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரில் கத்தரி நாற்றைப் பிடுங்கி நடும்போது முதல் நாள் துவண்டு நிற்குமே, பிடுங்கும்போது இந்தத் தூவிகள் அறுந்துபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெயில் தாழ்ந்து நட்டு, உடனே தண்ணீர் விடுவதும் அதனால்தான்.

அடுத்தது வெற்றிலை. அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காய்ந்ததும் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள், ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி கிடைத்தாலும் சரி. காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளைகளின் அச்சு தெரியும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் அவரை விதை மாதிரி இரண்டு காப்புச் செல்கள். துளைப் பக்கச் சுவர் தடிப்பு, வெளிச்சுவர் மெல்லிசு. தண்ணீர் ஏறினால் மெல்லிய பக்கம் அதிகமாக விரிந்து செல் வளைகிறது, துளை திறக்கிறது. தண்ணீர் குறைந்தால் மூடிக்கொள்கிறது. நெல்லிலையில் இதே செல்கள் உடற்பயிற்சி டம்பெல் வடிவத்தில் இருக்கும், கிடைத்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

விலங்கு செல்லுக்கு வீட்டில் விரலைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் தயாராக உள்ள ஸ்லைடே போதும். தவளையின் சிவப்பணுவில் நடுவே செல்லை இயக்கும் உட்கரு இருக்கும், மனிதனுடையதில் இல்லை. அந்த இடத்திலும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிரம்புகிறது, இரண்டு பக்கமும் குழிந்திருப்பதால் ஆக்சிஜன் வேகமாக ஏறி இறங்குகிறது. உட்கரு இல்லாததால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாமல் சுமார் 120 நாளில் அதன் ஆயுள் முடிகிறது.

நரம்பு செல்லுக்கு உங்கள் இடுப்பில் ஒரு கையும் கால் கட்டைவிரலில் ஒரு கையும் வையுங்கள். ஏறக்குறைய அந்தத் தூரம் முழுக்க ஒரே செல்லின் இழை ஓடுகிறது.

தேர்வில் காப்புச் செல் படம் வரையும்போது உள்சுவரைத் தடிமனாகப் போட்டுக் குறியுங்கள், நிறைய பேர் இரண்டு சுவரையும் ஒரே அளவில் வரைந்துவிடுகிறார்கள்.