புகை போட்டுச் சமைக்க விறகு: எதை எடுப்பது, எப்படிக் காய வைப்பது?

ஸ்மோக்கர், அதாவது விறகுப் புகையில் கறியை வேக வைக்கும் அடுப்பு, வாங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த மரம் நல்லது என்று. அதைவிட முக்கியம் அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது. நான் முதன்முதலில் புகை போட்ட கோழி வாயில் வைக்க முடியாமல் கசந்தது, காரணம் அரைகுறையாகக் காய்ந்த மாங்கட்டை.

1. மரம்

பழ மரத்தில் தொடங்குங்கள். கவாத்து செய்து போட்ட கொய்யா, மா, சப்போட்டாக் கிளைகளே போதும். கொய்யாப் புகை மென்மையானது, கோழிக்கும் மீனுக்கும் பொருந்தும். ஆட்டுக்கறிக்கு அழுத்தமான புகை வேண்டுமென்றால், நம் கண்மாய்களில் மண்டிக் கிடக்கிறதே சீமைக்கருவேலம், அதை எடுக்கலாம். டெக்சாஸில் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் இது, ஆனால் ஒன்றிரண்டு துண்டுக்கு மேல் போடாதீர்கள்.

பைன் மரப் பெட்டிகளைத் தொடவே வேண்டாம், அதன் பிசின் கரியாகப் படியும். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய சட்டம், பெயர் தெரியாத மரம் எதுவும் கூடாது. அரளி விஷம், அதன் குச்சிகூட அடுப்புப் பக்கம் வரக் கூடாது.

2. காய வைப்பது

பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். அது 15–20 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். உருட்டுக் கட்டையாகவே விட்டால் பட்டை ஈரத்தை வெளியே விடாது, அதனால் வெட்டிய கையோடு மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்துவிடுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், வெட்டுமுகத்தில் வெடிப்பு தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரே துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் சரி, காய்ந்துவிட்டது.

3. அடுக்கி வைப்பது

தரையில் போட்டால் கரையான் வரும். செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தார்ப்பாய், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மூட்டையாகப் பிளாஸ்டிக்கில் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும், பிடித்த கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கரையான் மருந்து, மண்ணெண்ணெய் எதையும் தெளிக்காதீர்கள், அந்தப் புகைதான் சாப்பாட்டில் இறங்கும். ஐப்பசி மழைக்கு முன்பே காய்ந்த துண்டுகளை வெங்காய வலைப்பையில் போட்டு வீட்டுக்குள் மாட்டிவிடுவது என் வழக்கம்.

அப்புறம், போடுவதற்கு முன் தண்ணீரில் ஊற வைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். முதலில் வருவது வெறும் நீராவி. வெள்ளைப் புகை அடங்கி, மெல்லிய நீலப் புகை வந்த பிறகு கறியை உள்ளே வையுங்கள்.