ஷாக் அப்சார்பர் மாற்றுவது: பின்பக்கம் நீங்களே, முன்பக்கம் பாதி மட்டும்

வேகத்தடையில் ஏறி இறங்கிய கார் சட்டென்று அடங்க வேண்டும். தொட்டில் போல ஆடிக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். வண்டியின் பாரத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளிருக்கும் ஆயில் சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போகும்போது ஏற்படும் தடையே துள்ளலை அடக்கும் பிடி. அது போனால் சொகுசு மட்டுமா போகிறது? டயர் சாலையில் சரியாகப் பதியாது. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும்.

80,000 கி.மீ. தாண்டிய வண்டியைக் கட்டாயம் சோதியுங்கள். காரின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். எழுந்து, ஒருமுறை தாழ்ந்து நிற்க வேண்டும். இதில் தேறினாலும் சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஷாக்கின் உடலில் ஆயில் வழிந்து, புழுதி சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். டயரை உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுவதும் ஓர் அறிகுறி.

மாற்றினால் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பணம் மிச்சமென்று ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு ஒரு பக்கம் மட்டும் மாற்றினேன். வளைவில் வண்டி கோணலாகச் சாய்ந்தது. அடுத்த வாரமே மறுபக்கத்தையும் மாற்றினேன்.

மாருதி ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் பின்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி. ஆகவே புதியவர் இங்கே தொடங்கலாம். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும், இன்னொரு ஜாக்கியால் அச்சைத் தாங்குங்கள். இல்லாவிட்டால் போல்ட்டைக் கழற்றிய கணத்தில் அச்சு கீழே இறங்கி, பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை) இழுத்துவிடும்.

பிறகு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் மேல் நட்டையும் கழற்றுங்கள். நட்டோடு ஷாக்கின் நடுத்தண்டும் சுற்றினால் அதன் நுனியை ஸ்பேனரால் பிடியுங்கள். பளபளக்கும் தண்டில் குறடு படவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து ஆயில் கசியும். கழற்றிய ஷாக்கை அமுக்கிப் பாருங்கள்: எதிர்ப்பே இல்லாமல் பொதுக்கென்று உள்ளே போகும். புதியதை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுவதுமாக அமுக்கி இழுத்த பிறகு பொருத்துங்கள்.

ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் இருப்பது ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தொகுதி. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் உச்சியில் தெரியும் நடு நட்டை மட்டும் தொடாதீர்கள். அது கழன்றால் ஸ்பிரிங் குண்டுபோலத் தெறிக்கும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டின் பிடிப்பிலிருந்து மட்டும் விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டியின் சாய்வைக் குறைக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் துண்டு), கீழே இரண்டு போல்ட், மேலே சுற்றியுள்ள நட்டுகள் ஆகியவற்றைக் கழற்றி, ஸ்ட்ரட்டை அப்படியே பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியில் வைத்து மாற்றித் தருவார்கள். அப்போதே மேல் மவுண்ட்டையும் (ஸ்ட்ரட்டின் உச்சியை உடலோடு பிணைக்கும் பாகம்) பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடிப்பதைத் தாங்கும் கட்டை) புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

திரும்பப் பொருத்தியதும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.