யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வருதா, குடலையும் பாருங்க

நாங்க பிஜி படிச்ச காலத்துல பண்ணின அதே தப்பை இப்ப வர்ற பசங்களும் பண்றாங்க, அதான் எழுதறேன். டோஸ் தப்பு, கல்ச்சர் (யூரின்ல என்ன கிருமின்னு வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்) அனுப்ப மறந்ததெல்லாம் சீனியர் ரெண்டு திட்டு விட்டா சரியாயிடும். கீழ இருக்கற தப்புங்க அப்படி இல்ல, குடல்ல இருக்கற வியாதியையே தவற விட்டுடும்.

ஆன்டிபயாடிக்கை மாத்தி மாத்திக் குடுக்கறது

இன்னும் எனக்குக் கோபம் வர்ற விஷயம் இதுதான். வயசான ஐயா ஒருத்தர், எரிச்சல், அடிக்கடி யூரின், ப்ராஸ்டேட்னு மாத்திரை, கல்ச்சர்ல ஈ.கோலைங்கற குடல் கிருமி, ஒரு கோர்ஸ் முடிஞ்சா கொஞ்ச நாள் நிம்மதி, மறுபடி அதே கதைன்னு வேற இடத்துல மாசக்கணக்கா ஓடியிருக்கு. "யூரின் போறப்ப காத்து வருதாங்கய்யா?"ன்னு கேட்டேன். கூட வந்த மகளை வெளிய போகச் சொல்லிட்டு, "ஆமா டாக்டர், கடைசியில புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது, இதை எப்படிங்க சொல்றது"ன்னாரு. சிக்மாய்டு குடல்ல (மலக்குடலுக்கு முன்னால இருக்கற பெருங்குடல் பகுதி) கேன்சர், ப்ளாடர்ல (மூத்திரப்பை) ஒட்டி ஓட்டை போட்டிருந்தது. மோஷன்ல அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியல.

சிக்மாய்டு ப்ளாடர் மேலயே கிடக்கு. கட்டி வெளிப்பக்கமா வளர்ந்து துளைச்சிட்டா மலத்துல இருக்கற கிருமி நேரா உள்ள வரும், மருந்து கிருமியைத்தான் கொல்லும், ஓட்டையை அடைக்காது. பொம்பளைங்களுக்கு நடுவுல கர்ப்பப்பை இருக்கறதால இது கம்மி, அதனால கர்ப்பப்பை எடுத்தாச்சான்னு கேளுங்க. இந்த ஓட்டைக்கு அதிகமா காரணமாகறது டைவர்டிகுலைட்டிஸ்தான் (குடல் சுவர்ல உண்டாகற சின்னப் பைங்க அழற்சியாகி வீங்கறது), கேன்சர் அதுக்கு அடுத்துதான், ஆனா எதுன்னு பார்க்காம எப்படிச் சொல்லுவீங்க?

மிக்ஸ்டு குரோத்தை (கல்ச்சர்ல பல கிருமி சேர்ந்து வளர்றது) கன்டாமினேஷன், அதாவது வெளியிலேர்ந்து கலந்ததுன்னு ஒதுக்கறது

ஒரு தடவைன்னா சரி. சுத்தமா புடிச்ச சாம்பிள்லயும் மறுபடி மறுபடி ரெண்டு மூணு கிருமி வந்தா விடாதீங்க.

கதீட்டர் (யூரின் டியூப்) போட்டுட்டு சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பறது

ஸ்கேன் முதல்ல. டியூப் வழியாவும் காத்து உள்ள போகும், அப்புறம் ப்ளாடர்ல தெரியற காத்துக்கு அர்த்தமே இல்ல.

சிஸ்டோஸ்கோபில (ப்ளாடருக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கறது) ஓட்டை தெரியலன்னு விட்டுடறது

பல பேஷன்ட்டுக்கு ஓட்டை கண்ணுல படாது. சிவந்து வீங்கின ஒரு திட்டுதான் தெரியும்.

ப்ளாடர் பயாப்ஸில அடினோகார்சினோமான்னு (சுரப்பி வகை கேன்சர்) வந்ததும் ப்ளாடர் கேன்சர்னு எழுதறது

ப்ளாடர்ல வழக்கமா வர்றது யூரோதீலியல் வகை, அதாவது அதோட உள் படலத்துலேர்ந்து வர்றது. அடினோ அங்கயே பொறக்கறது அபூர்வம், குடல்லேர்ந்து வந்ததான்னுதான் முதல்ல சந்தேகப்படணும். கட்டித் துண்டுல சாயம் போட்டுப் பார்க்கற சிகே20, சிடிஎக்ஸ்2 டெஸ்ட்டெல்லாம் ரெண்டு இடத்துக் கட்டியிலயும் பாசிட்டிவா வரலாம், அதை நம்பி உக்காராதீங்க, கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கறது) பண்ணுங்க. அதுவும் நார்மல்னா சி.டி.ல அப்பெண்டிக்ஸைத் தேடிப் பாருங்க, அங்க வர்ற கேன்சரும் அபூர்வமா ப்ளாடருக்குள்ள இறங்கும், கொலனோஸ்கோபில சிக்காமலும் போகும்.

ஒட்டியிருக்கற கட்டியை ப்ளாடர்லேர்ந்து உரிச்செடுக்கறது

கூடவே கூடாது. அந்த ப்ளாடர் சுவரையும் சேர்த்து ஒரே துண்டா எடுக்கணும்.